சீனி குறைந்த கிழமை

பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குச் சீனி குறைந்தால் சந்தோஷப்படாத தாய் உண்டா, சொல்லுங்கள்?

றம்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறு வருஷம் காத்திருந்து மகள் நிஸ்றாவின் வயிற்றில் தங்கிய பிள்ளை. எட்டாம் மாதம். பிள்ளையோடு சீனியும் வந்து, வேளைக்கு வேளை இன்சுலின் ஊசி.

எல்லாம் நச்சுக்கொடி பார்க்கிற வேலை என்று மிட்வைஃப் மிஸ் விளங்கப்படுத்தியிருந்தா. பிள்ளையை வேற்றாள் என்று தாயின் உடம்பு விரட்டாமல் காப்பது அதுதான். பிள்ளைக்குத் தீனி சேர்க்கத் தாயின் இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடுவதும் அதுதான். சீனி இன்னும் கூடினால் உடனே வரச் சொன்னா.

அன்றிலிருந்து தாயும் மகளும் அந்தக் கொடியைச் சக்களத்தியை ஏசுவது போல ஏசினார்கள்.

பாவற்காய்ச் சாறு கொடுத்தாள் றம்லா. ஏறாவூர்ப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கினாள். சீனி இறங்கினால் அயலுக்கெல்லாம் வட்டிலப்பம் என்று நேர்ந்தும் வைத்தாள்.

இந்தக் கிழமை நாளுக்கு நாள் அது இறங்கியது. நிஸ்றாவுக்குத் தலை சுற்றியது. தாயும் மகளும் தாங்களே ஊசியைக் குறைத்தார்கள். பிறகு ஊசியே வேண்டியிருக்கவில்லை.

"உம்மா, கொடி தோத்துப் பெயித்து."

சிரித்துக்கொண்டே சீனி பார்க்கிற மெசினைப் படமெடுத்து, கட்டாரிலிருக்கும் புருஷன் றிப்ஷானுக்கு அனுப்பினாள் நிஸ்றா.

றம்லா வட்டிலப்பம் அவித்தாள். வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து, மகளுக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். இத்தனை மாதமும் வாயைக் கட்டிக் கிடந்தவள்.

இனிப்பு உள்ளே போனால் பிள்ளை உதைப்பான். இரண்டு பேரும் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நித்திரை போல, என்றாள் நிஸ்றா.

"படுக்கட்டும் மகள். வெளிய வந்தா நம்மளப் படுக்க உடுவானா?"

சீனி குறைந்தால் என்ன செய்வது என்று மிஸ் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

பொழுது சாயும்வரை கை வைத்திருந்தார்கள். பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, எப்போதிருந்து சீனி குறைகிறது என்று. கொடி ஓய்ந்து போனதால்தான் குறைந்திருக்கிறது என்றார்.

அடுத்த நாள் காலை, மகளுக்கு மாற்றுடுப்பும் பிள்ளையைச் சுற்றி அடக்க வெள்ளைத் துணியும் எடுக்க றம்லா வீட்டுக்கு வந்தாள். செய்தி தெரியாத பக்கத்து வீட்டுப் பஹீமா வட்டிலப்பக் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறுங்கோப்பை கொடுக்கக் கூடாதென்று அதில் ஒரு கை சீனி போட்டிருந்தாள்.

றம்லா வாங்கிக்கொண்டாள்.