மாடித் தோட்டத்து மருந்து

குற்றாலத்து அருவிமேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. துபாயிலேயே காலம் தள்ளிவிட்டுக் குத்துக்கல்வலசைக்குத் திரும்பிய மசூது பாய், மொட்டைமாடியில் கஞ்சா வளர்த்தார்.

வழி சொன்னது கனடாவில் இருக்கும் மகன் ஆசிப். "வாப்பா, இங்கன சட்டப்படியே வீட்டுல வளக்கலாம். உம்மாவோட கேன்சர் வலிக்கு நல்லது."

அங்கே சட்டம், இங்கே ஜெயில். இருந்தும் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் ரகசியமாக விதை வாங்கினார். இலையைக் கொதிக்கவைத்து மனைவி நஸீபாவுக்குக் கொடுத்தார்.

"வலி போயிட்டுங்க" என்றாள். வெகுநாள் கழித்து மசூது நிம்மதியாகத் தூங்கினார்.

யாரோ போட்டுக்கொடுக்க, போலீஸ் மாடியேறியது. இன்ஸ்பெக்டர் ஓர் இலையைக் கிள்ளி மென்றார்.

"என்ன வே பாய், கீரையே பாத்ததில்லையா? இது புளிச்சக்கீரை. பருப்பு போட்டுக் கடையச் சொல்லும்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். மசூதுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ வலி போச்சுன்னியே?"

"முத மடக்குலயே புளிச்சிட்டு. சமைக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்க உறங்கணும்லா..."

அவள் சத்தம் வெளியே வராமல் கடித்துக் கடித்துக் கிழிந்திருந்த தலையணையை மசூது அன்றுதான் பார்த்தார்.