கட்டாயக் கட்டம்

ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து வைக்க மென்பொருள் வாங்கினார்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே பீரோ உயரத்துக்கு ஒரு சர்வரும் வந்தது. பதிவு மேஜையில் கீபோர்டு மட்டும் பழசு.

"மருந்து அலர்ஜி உண்டா?" என்று ஒரு கட்டம். வரிசை வாசல்வரை நின்றதால் கிளார்க் எல்லோருக்கும் "இல்லை" என்றே அடித்தார்.

"யோவ், அவர் யாரையும் கேட்கவே இல்லை! 'தெரியாது'ன்னு ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று கத்தியது கீபோர்டு.

"அதுவும் காலி மாதிரிதான். எனக்கு அசிங்கம்," என்றது மென்பொருள்.

"எதைக் கொடுத்தாலும் பத்திரமா வைப்பேன்," என்றது சர்வர்.

"பொய்யையுமா?"

"அதைப் பார்க்கிறது என் வேலை இல்லப்பா."

மயங்கிக் கிடந்த செங்கமலத்தை ஸ்ட்ரெச்சரில் நேராக மாடி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். பென்சிலின் போட்டால் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சே நின்றுவிடும். அப்படி எழுதிய சீட்டை மகள் மேஜையில் நீட்டினாள். கிளார்க் நிமிரவில்லை.

அவர் வழக்கம்போல "இல்லை" அடிக்கப் போக, கீபோர்டு தன் பொத்தான்களை இறுக்கிக்கொண்டது. கிளார்க் இரண்டு குத்து குத்தினார். பிறகு ஒயரைப் பிடுங்கி, அதைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் புதிய கீபோர்டை மாட்டினார். புதுசு தொட்டதுமே "இல்லை" என்று அடித்தது.

"இதுதான் நல்ல பிள்ளை," என்றது மென்பொருள்.

மாடியில் நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டுப் பென்சிலினை எடுத்தார்.

"இங்க ஏம்மா நிக்கிற? சீட்டோட மேலே ஓடு!" என்று மகளைப் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து அலறியது பழசு.

கிளார்க் குடித்து முடித்த டீ கப்பை அதன்மேல் போட்டார்.