அறுபட்ட பிரேக் பைப்

"போடு மாப்ளே, சாட்சிக் கையெழுத்தை! அந்த ஆளை உள்ளே தள்ளாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது."

மரக்கிடங்கு முதலாளி புகார் மனுவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்.

கொதிக்க மாட்டாரா பின்னே? மலைச்சரிவில் வெட்டிய மரங்களை இழுத்து வரும் பழைய வண்டி அது. அதன் பிரேக் பைப்பை யாரோ ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! பத்தொன்பது வருஷம் அதை ஓட்டிவிட்டு, நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து துரத்தப்பட்ட டிரைவர்தான். ராத்திரி ரம்பமும் கையுமாக வாட்ச்மேனே பார்த்திருக்கிறார்.

புது டிரைவர் பேனாவை எடுத்தான். முதலாளிக்கு அவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. விடிகாலையில் அவன் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபோது, பெடல் சொத்தென்று அடிவரை போய்விட்டது.

"நான் அவருக்கு என்ன மாமா பண்ணேன்? முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே."

"அவன் சீட்டுல நீ உட்கார்ந்துட்டியே, அதான் பொறுக்கலை. மூணு வாரமா ஒரே பாட்டு. 'பைப்பெல்லாம் போச்சு, ஹைட்ராலிக் ஹோஸ் போடுங்க, அப்பதான் சரிவுல இறக்குவேன்'னு. இப்ப நேரமில்லைப்பான்னேன். நாலு பேர் முன்னால சாவியைத் தூக்கி வெச்சுட்டான். 'நீ இல்லேன்னா வண்டி ஓடாதா, என் மச்சான் ஓட்டுவான்'னேன்."

"அதுக்காக ஒரு உசிரை எடுக்கப் பார்க்கறதா? நான் பாட்டுக்குக் கிளப்பிட்டுப் போயிருந்தா?"

"எப்படிப்பா போவே?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மெக்கானிக். பழைய இரும்புப் பைப்புகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புது ரப்பர் ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து மண்ணில் கிடக்கிறார். "நாலு சக்கரத்துக்கும் கட்டை முட்டுக் குடுத்திருந்துதே."

"திமிருய்யா! கட்டையும் வெச்சு, நான்தான் செஞ்சேன்னு காட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் முதலாளி. "நீ வேலையைப் பாரு."

மெக்கானிக் வேலையைப் பார்த்தார். கடைசி ஹோஸை இறுக்கினார். ஏறி உட்கார்ந்து மிதித்துக் காட்டினார். பெடல் கல்லு மாதிரி நின்றது. இறங்கி, கழற்றிப் போட்டதில் ஒரு முழ நீளப் பைப்பை எடுத்துக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பிடி தம்பி."

பளபளவென்று மஞ்சள் பெயின்ட். புதுசு மாதிரிதான் இருந்தது.

"இதுவா அவர் அறுத்தது?"

"இல்லை. அவர் அறுத்தது நீ ஏறுற படிக்குப் பக்கத்துல, கண்ணுல படற இடத்துல. இது வண்டிக்கு அடியில, கிளிப்புக்குள்ள இருந்த துண்டு. படுத்துப் பார்த்தாத்தான் தெரியும். நடுவுல அழுத்து."

அவன் கட்டைவிரலால் அழுத்தினான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளங்கை முழுக்கத் துரு.

முதலாளிக்குக் குரல் இறங்கிவிட்டது. "போன மாசம்தானேய்யா பெயின்ட் அடிச்சேன்..."

"அந்தப் பெயின்ட்தான் இத்தனை நாள் எண்ணெயைக் கசியவிடாமப் பிடிச்சு வெச்சிருக்கு. வாசல்ல நின்னு மிதிச்சா தாங்கும், ஒரு சந்தேகமும் வராது. சரிவுல, பின்னாடி பத்து டன் மரம் தள்ளுறப்போ ஓங்கி மிதிச்சா, அங்கதான் வெடிக்கும்."

சரிவு எந்தப் பள்ளத்தில் போய் முடிகிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். மச்சினனின் முகத்தைப் பார்க்க முதலாளியால் முடியவில்லை. அவன் அக்காவிடம் என்ன சொல்லியிருப்பார்?

ஆனாலும் மனசு சட்டென்று ஒப்புமா?

"அது சரி... அதுக்காக அவன் செஞ்சது நியாயமாயிடுமா? வேலை போன ஆத்திரத்துல பழிவாங்கத்தானேய்யா அறுத்தான்?"

மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பழிவாங்கணும்னா, அவர் எதையுமே தொடாம பேசாம வீட்டுக்குப் போயிருந்தாப் போதுமே முதலாளி."