காணாமல் போன சிவப்பு அட்டை

பயிற்சியாளர் பந்துப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

பந்துகள் நாலாபக்கமும் ஓடின. விசில் விழுந்தது. காற்றடிக்கும் பம்பு விழுந்தது. சிவப்பு அட்டை விழவில்லை.

பையின் மூலைகளிலும் கைவிட்டுத் துழாவினாள்.

ஊர் உலகத்தில் சிவப்பு அட்டை என்றால் 'வெளியே போ'. இவளுடைய பெண்கள் அணியில், 'என்னைத் தனியாக விடாதே'. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது. அவர்களாகக் காட்டும்வரை யாரையும் தனியே அனுப்பவும் கூடாது. சட்டம் போட்டவள் இவளேதான்.

போன வருடம் அட்டை காணாமல் போனபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி கோல்கீப்பர் மாத்திரைகளை அள்ளி விழுங்கினாள். பிழைத்தது மறுபிறவி.

இன்று விசிலை ஊதினாள். ஆட்டம் ஆரம்பித்தது. இவள் கண் பந்தில் இல்லை.

கோல்கீப்பரா? தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அணியில் 'பட்டாசு' என்று பேர் வாங்கியவளா? நாள் தள்ளிப்போயிற்று என்று, வாராவாரம் மைதானத்துக்கு வரும் நர்ஸிடம் அழுதவள். இப்போது கோல் போட்டுவிட்டுக் கரணம் அடித்தாள். குட்டைப் பின்னல்காரி? ஓரமாக உட்கார்ந்திருக்கிறாளே! மூச்சிரைக்க ஓடிப் போய்ப் பார்த்தால், ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?"

அணியின் வேன் ஓட்டும் இவள் தம்பி, கம்பி வேலிக்கு வெளியே நின்று சிரித்தான். காலையில் பந்துகளுக்குக் காற்றடித்துப் பையில் போட்டதிலிருந்தே வாய் ஓயவில்லை.

"நர்ஸக்கா இன்னிக்கு வர்றாங்களா இல்லையா? அதையாவது சொல்லு."

"வழியுது, தொடைச்சுக்க. வண்டியப் போய்ப் பாருடா!"

ஆட்டம் முடிந்தது. ஒருத்தியும் அருகில் வரவில்லை.

வேனில் ஏற்றி, ஒவ்வொருத்தியாக வாசலில் இறக்கி, உள்ளேயிருந்து யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை நின்றாள். இறங்கும் ஒவ்வொரு கையையும் பார்த்தாள். வெறும் கைகள்.

கடைசியாக இறங்கிய கோல்கீப்பர், ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள். "அட்டை இல்லாதத நானும் பாத்தேன். ஒவ்வொருத்தி கிட்டயும் பேசிப் பாத்துட்டேன் மிஸ். எங்கள்ல யாருமில்ல."

அப்படியானால் அட்டைக்கு இறக்கையா முளைத்தது?

வேன் தெருமுனை திரும்பியது. திடீரென்று ஓரமாக நின்றது. எஞ்சின் அணைந்தது.

"என்னடா, பெட்ரோல் இல்லையா?"

அவன் கண்ணாடியில் இவளைப் பார்த்தான்; வழக்கமான சிரிப்பு இல்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தம்பியின் கை, சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது, வியர்வையில் நனைந்து வளைந்துபோன அந்தச் சிவப்பு அட்டை அதில் இருந்தது.

"எனக்கு நர்ஸக்கா கிட்ட ஒரு ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும்க்கா. நீயும் கூட வர்றியா?"