‘போ’ என்றொரு கட்டளை

“இந்த ‘போ’வ எழுதுனது யாரு?”

மெய்யநாதன் மேஜைமேல் திறந்திருந்த பொன்னழகின் லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார். மானகிரியில் ஒரு மாடியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி அவருடையது. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். இன்றும் உயர்த்தவில்லை. பொன்னழகுக்கு அதுதான் பயமாக இருந்தது.

“நான்தான் சார்,” என்றான் அவளோடு வேலை பார்க்கும் கதிரவன்.

“இவுக லேப்டாப்புல உனக்கென்னப்பா வேலை?”

“எழுதுனத அனுப்புற கிட் கமாண்டெல்லாம் நீளமா இருக்கு, கை தடுமாறுதுன்னு அக்கா சொன்னாங்க. அதான் போன மாசம் ஷார்ட்கட் எழுதிக் கொடுத்தேன். ‘வா’ன்னு அடிச்சா மத்தவங்க எழுதுனது இங்க வந்துரும். ‘போ’ன்னு அடிச்சா அக்கா எழுதுனது பொது சர்வருக்குப் போயிரும்.”

“போனது மட்டுமா?” என்றாள் பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியர் அகல்யா. “அங்குட்டு இருந்த எல்லார் வேலையையும் அழிச்சுட்டுல்ல போயிருக்கு.”

அதுதான் நடந்திருந்தது. காலையில் பொன்னழகு தன் வேலையை அனுப்பியதும், சர்வரில் மற்றவர்கள் பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்தது மறைந்துபோனது. பதினொரு மணிக்குத் துபாய் வாடிக்கையாளர் தன் வெப்சைட்டைத் திறந்து பார்த்தபோது பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. வேலையைத் தொடர்வதா என்று யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். பதினொன்றரைக்குக் கதிரவன் பொன்னழகின் லேப்டாப்பை வாங்கி, என்ன நடந்தது என்று பார்த்தான். அகல்யாவிடம் இருந்த நகலை வைத்து, மதியத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டார்கள். வாடிக்கையாளரிடமிருந்துதான் இன்னும் பதில் இல்லை.

“நீங்க சொல்லுங்க பொன்னழகு. காலைல என்ன அடிச்சீக?”

“எப்பவும் அடிக்கிறதத்தான் சார். மொதல்ல போகலன்னு காட்டுச்சு. அப்பறம் நான்…”

அவள் லேப்டாப் திரையைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் வீட்டில் இருந்தவள். பைக் விபத்தில் கணவருக்கு இடுப்பு ஒடிந்த பிறகு, முப்பத்து நான்கு வயதில் மறுபடி படித்து இந்த வேலைக்கு வந்திருந்தாள். கொத்தமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அன்றுதான் தெரியும்.

“அக்கா மேல தப்பு இல்ல சார்,” கதிரவன் குறுக்கே பேசினான். “அந்த ‘போ’வுக்குள்ள ‘ஃபோர்ஸ்’னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. அங்க என்ன இருந்தாலும் தூக்கிட்டு இத வையின்னு அர்த்தம். எனக்குன்னு எழுதுனது. எடுக்காம அப்படியே கொடுத்துட்டேன்.”

மெய்யநாதன் திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். அந்த வார்த்தை இருந்தது.

“புதுசா வந்தவுக கையில இதக் கொடுக்கலாமாப்பா?”

“தப்புதான் சார்.”

“ஒண்ணாந்தேதிலருந்து உன்னத்தான் டீம் லீடாப் போடணும்னு இருந்தேன். இப்ப முடியாது. அகல்யா பாக்கட்டும்.”

“சரிங்க சார்.”

அவர் பொன்னழகு பக்கம் திரும்பினார். “நீங்க வெள்ளிக்கிழமைய நெனச்சுக் கவலப்பட வேணாம். உங்களுக்கு வேலை நிரந்தரந்தான். இனிமே யாரு எழுதிக் கொடுத்தாலும் படிச்சுப் பாத்துட்டு அடிங்க.”

வெளியே வந்ததும் கதிரவன் மாடிப்படியை நோக்கி நடந்தான். பொன்னழகு பின்னாலேயே போய் நிறுத்தினாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை கோபமாக மாறியிருந்தது.

“ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“மறந்துட்டேன்க்கா.”

“மறந்துட்டியா? இந்த வேலை போயிருந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. உன்ன நம்பித்தான நான் கண்ண மூடிக்கிட்டு அடிச்சேன்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மன்னிச்சுக்கங்கக்கா. லேப்டாப்பக் கொடுங்க, அந்த வார்த்தைய எடுத்துவிட்டுர்றேன்.”

“வேணாம். நானே எடுத்துக்கிறேன்.”

“இல்லக்கா, ஒரு நிமிஷந்தான் ஆகும்…”

“இனிமே என் லேப்டாப்பத் தொடாத தம்பி.”

அவன் படியிறங்கிப் போனான்.

பொன்னழகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஷார்ட்கட் எழுதிய கோப்பு எங்கே இருக்கும் என்று அகல்யாவிடம் கேட்டாள். அகல்யா எட்டிப் பார்த்து விரலால் காட்டினாள்.

“இதுதான். திறந்து அந்த ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சுட்டு சேவ் பண்ணிருங்க.”

“நம்ம வேலையெல்லாம் சரியா எத்தன மணிக்கு அழிஞ்சு போச்சு அகல்யா?”

“பத்தே காலுக்கு. சர்வர்ல பாத்தேன். ஏன் கேக்குறீக?”

பொன்னழகு திரையை நெருங்கிப் பார்த்தாள். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் இருந்தது: இன்று, 11.40.

கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, காலையில் தான் அடித்ததைத் தேடி மேலே போனாள். அவள் அடித்த ‘போ’ இருந்தது. அதற்குக் கீழே, மற்றவர்கள் எழுதியதை இன்னும் நீ வாங்கவில்லை, அதனால் அனுப்ப முடியாது என்ற மறுப்பு இருந்தது. அதற்கும் கீழே, இன்டர்நெட்டில் தேடி எடுத்துப் படிக்காமலே அவள் ஒட்டிய நான்கு வரிகளில், கடைசி வரியின் கடைசி வார்த்தையாக ‘ஃபோர்ஸ்’ இருந்தது.