மறுபடியும் அதே நாவல்

வெள்ளைக்காரன் போன பிறகு நாடுகள் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல்களின் முதல் பதிப்புகளைத் தேடிப் பிடித்து விற்பவர் அந்தப் பழைய புத்தகக் கடைக்காரர். மற்ற வாடிக்கையாளர்கள் விதவிதமாகச் சேர்ப்பார்கள். அந்த அம்மாள் மட்டும் எத்தனை பிரதி வாங்கினாலும் மறுபடி வந்து அதே நாவலைத்தான் கேட்பாள்.

“முதல் பதிப்பு கிடைக்கலம்மா. இந்தாங்க, ரெண்டாம் பதிப்பு. எழுதினவரே கையெழுத்துப் போட்டது!”

“அந்தக் கிறுக்கலை வீட்டுல தினமும் பாக்கறேனே தம்பி. எனக்கு முதல் பதிப்புதான் வேணும்.”

கடைக்காரர் வாயைப் பிளந்தார். “ஐயாவோட சம்சாரமா நீங்க? எல்லாத்தையும் பதுக்கி விலையேத்தப் போறீங்களாக்கும்!” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் நீட்டிய ரெண்டாம் பதிப்பின் சமர்ப்பணப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.

‘எங்கள் மகளின் நினைவுக்கு.’

கடைக்காரரின் சிரிப்பு அடங்கிப்போனது. “முதல் பதிப்புல... வேற மாதிரியாம்மா?”

“‘மகளே, நீ வளர்ந்ததும் படி’ன்னு போட்டிருந்தார். அது அச்சாகி வந்த பிறகுதான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.” அவள் புத்தகத்தை மெல்ல மூடினாள். “அந்தப் பதிப்புல எம் பொண்ணு இன்னும் உயிரோட இருக்கா தம்பி. அவளை யார் வீட்டு அலமாரியிலயோ எப்படி விட்டு வைப்பேன்?”