டேமேஜ் ஒதுக்கிய கமலவேணி

'இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெயசுதாவைக் குரூப்பை விட்டு நீக்குகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத்தான் தேஜஸ்ரீ ஸ்கூட்டியை எடுத்தாள்.

போட்ட மறு நிமிடமே நாற்பது கைதட்டல். பல்லடம் மகுடேஸ்வரன், 'சரியான முடிவு. கதையைக் கெடுக்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று எழுதியிருந்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவையே வீட்டுக்குள் இழுத்த சீரியல் 'கமலவேணி.' இப்போது புதுசாக மறுபடி வருகிறது. டிவியில் இல்லை, பணம் கட்டி ஆப்பில். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு போன். மதியம் பன்னிரண்டுக்கு எபிசோடு இறங்கும்.

இதை எதிர்த்துத்தான் கல்லூரி இரண்டாம் ஆண்டு தேஜஸ்ரீ ரசிகர் குரூப்பையே ஆரம்பித்தாள். கூட்டம் சேர வேண்டுமே என்று தன் போனில் இருந்த சித்தி, பெரியம்மா, அம்மா, டியூஷன் டீச்சர் என்று ஒருவர் விடாமல் சேர்த்தாள். லிங்க் பரவி இருநூற்றுப் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள்.

'ஒன்பது மணிக்கே மாத்து' என்று ஒரு கட்சி. 'ஒரு வார எபிசோடையும் மொத்தமா விடு' என்று இன்னொரு கட்சி. நேரமா பிரச்சினை, ஒரு போன்தானே பிரச்சினை என்று தேஜஸ்ரீ இரண்டு கட்சியோடும் மல்லுக்கு நின்றாள்.

'விளம்பரத்துல குடும்பமே பாய் விரிச்சு உக்காந்து பாக்குது. விக்கிறது ஒரு போனுக்கு. இது ஏமாத்து வேலை இல்லையா?' என்று அவள் கேட்டதை ஊரெல்லாம் பகிர்ந்தார்கள்.

குரூப்புக்கு ஒரே விதி. ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் யாரும் கதையைச் சொல்லக் கூடாது. அதைத்தான் இந்த ஜெயசுதா தினமும் மீறினாள். மதியம் ஒன்றேகாலுக்கு ஆறு நிமிட வாய்ஸ். முழுக் கதையும் அதில் வந்துவிடும்.

விதி என்றால் எல்லோருக்கும்தான். போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் காபியை வைத்துவிட்டு, "கமலவேணிக்கு இன்னைக்கு என்ன ஆச்சு தேஜு?" என்று அம்மா கேட்டபோதுகூட, காதிலிருந்த இயர்போனைக் கழற்றாமல், "சொல்லக் கூடாதும்மா, ரூல்" என்றவள் அவள்.

போனில் வரச் சொல்லியிருந்தபடியே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனி கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை பெஞ்சில், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, ஜெயசுதா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"நீங்கதான் அட்மினுங்களா? உக்காருங்க அம்மணி. சாப்ட்டீங்களா?"

"சண்டை போட வந்திருக்கேங்க்கா."

"அதுக்கென்னுங்க, சாப்ட்டுட்டே போடலாம்."

தேஜஸ்ரீ உட்காரவில்லை. "சாயங்காலம் ஊட்டுக்குப் போய் ஆசையாப் பாக்கலாம்னு இருக்கறவங்க எத்தனை பேரு. அதுக்குள்ள நீங்க மொத்தத்தையும் போட்டு உடைச்சா எப்படிங்க்கா?"

"மொத்தமும் எங்கீங்க சொல்றேன்? நான் செக்கிங் செக்‌ஷன். டேமேஜை ஒதுக்கீட்டு நல்ல பீஸை மட்டுந்தான் அனுப்புவேன். ஒரே மூஞ்சிய மூணு தடவை காட்டறது, அழுகறதுக்கு முன்னாடி காத்தடிக்கறது, இதெல்லாம் டேமேஜு. தள்ளிப் பாருங்க, இருபத்தஞ்சு நிமிசம் ஆறு நிமிசமாயிரும்."

வந்த சிரிப்பை தேஜஸ்ரீ விழுங்கிக்கொண்டாள். "யாருங்க்கா உங்களைக் கேட்டா?"

"கேக்கறவங்க இருக்கறாங்க."

"ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர். இப்பவே ரூலை எடுத்தர்றேன்."

ஜெயசுதா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, போனில் நேற்றைய வாய்ஸை அழுத்திப் பிடித்தாள். "நாம அனுப்புனதை யாரு யாரு போட்டுக் கேட்டாங்கன்னு இதுல காட்டுமுங்க. பாருங்க."

பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. நூற்றுத் தொண்ணூறுக்கு மேல். நடுவில் பல்லடம் மகுடேஸ்வரன்.

"இவரா? தினமும் உங்களைத் திட்டறாரே."

"கேட்டுட்டுத்தானுங்க திட்டறாரு."

"இவங்க எல்லாம் ஆப் வெச்சிருக்காங்கன்னு நினைச்சேனே."

"ஊட்டுல இருக்குதுங்க. ஒரு போன்ல. அந்தப் போன் வேற ஒருத்தர் கையில. உங்க ஒன்பது மணி, பன்னெண்டு மணி எல்லாம் அந்தப் போன் வெச்சிருக்கறவங்க சண்டைங்க. என்னைத் தூக்கோணும்னா தூக்குங்க. நாளைக்கே வேற குரூப் ஆரம்பிச்சு இதையேதான் பேசுவேன்."

"ஏங்க்கா இத்தனை பிடிவாதம்?"

ஜெயசுதாவின் விரல் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இவங்களுக்காகன்னு வெச்சுக்குங்களே. யாரு எவருன்னு தெரியாதுங்க. அனுப்புன ரெண்டாவது நிமிசம் கேட்டுருவாங்க. போன வாரம் காய்ச்சல்ல ரெண்டு நாள் நான் வாய்ஸ் போடல. மூணாம் நாள் தனியா ஒரு மெசேஜ். 'உடம்புக்கு என்னங்க? எம் பொண்ணை மடியில போட்டுட்டுப் பாத்த சீரியலுங்க இது. இப்ப அவ தனியாப் பாத்துக்கறா. நீங்க சொன்னாத்தான் எனக்குக் கதை'ன்னு. இதுக்கு மேல எப்படீங்க நிறுத்தறது?"

தேஜஸ்ரீ குனிந்து பார்த்தாள்.

ஜெயசுதா பெயர் போட்டுச் சேமிக்காத நம்பர். தேஜஸ்ரீக்கு மனப்பாடமான நம்பர். பக்கத்தில், அந்த அம்மாள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்: 'தேஜு அம்மா.'